அடுத்த வீட்டுக் குழந்தை நடந்துவிட்டது, நம் குழந்தை எப்போது? பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிறந்தது முதல் இரண்டு வயது வரையுள்ள குழந்தைகளின் வளர்ச்சி பற்றி இளம் பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலான கேள்விகள் இன்னொரு குழந்தையைப் பார்த்த பிறகு எழுபவை. சொந்தத்தில் ஒரு பிள்ளை, தடுப்பூசி வரிசையில் பக்கத்தில் இருந்த பிள்ளை, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் நடந்து காட்டிய பிள்ளை.

குழந்தையை இன்னொரு குழந்தையோடு ஒப்பிடுவதே தப்பா?

தப்பு என்று சொல்லி யாரையும் நிறுத்த முடியாது. ஒரே வாரத்தில் பிறந்த இரண்டு குழந்தைகளைப் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்தால் கண் தானாகவே அளக்கும். குழந்தை மருத்துவரும் ஒப்பிட்டுத்தான் பார்க்கிறார். அவர் கையில் இருப்பது ஆயிரக்கணக்கான குழந்தைகளின் அளவு. நம் கண் முன்னால் இருப்பது ஒரே ஒரு குழந்தை. அந்தக் குழந்தை எல்லோருக்கும் முந்தி நடப்பதா, நடுவில் வருவதா என்று நமக்குத் தெரியாது. பத்து மாதத்தில் நடந்த பிள்ளையை அளவாக வைத்துக்கொண்டால் ஊரில் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் 'தாமதம்' ஆகிவிடுவார்கள்.

ஒப்பீடு இரண்டு விதத்தில் ஏமாற்றும். நன்றாக வளரும் குழந்தையைப் பார்த்து அம்மா பயந்துபோவது ஒன்று. உதவி தேவைப்படும் குழந்தையைப் பார்த்து, "உங்க மாமா பையனும் இப்படித்தான் இருந்தான், அப்புறம் சரியாயிட்டான்" என்று குடும்பமே நிம்மதி அடைவது இன்னொன்று. இரண்டாவதுதான் எனக்குப் பெரிய கவலை. முதலாவதில் சில மாதத் தூக்கம் போகும். இரண்டாவதில் குழந்தைக்குக் கிடைக்க வேண்டிய காலமே போய்விடும்.

அப்படியானால் எந்த மாதத்தில் எதைச் செய்ய வேண்டும்?

'எந்த மாதத்தில்' என்று கேட்டால் ஒற்றை எண்ணை எதிர்பார்ப்போம். உண்மையில் இருப்பது ஒரு நீண்ட இடைவெளி. உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில், நல்ல சூழலில் வளர்ந்த குழந்தைகளைக் கவனித்து அளந்தது. இந்தியாவில் அது நடந்த இடம் தெற்கு டெல்லி. உட்காருவது, நிற்பது, நடப்பது போன்றவற்றைப் பிரேசில் தவிர்த்த ஐந்து நாடுகளில் 816 குழந்தைகளிடம் பதிவு செய்தார்கள். முடிவுகள் 2006இல் வெளிவந்தன. மிகவும் முந்திய ஒரு சதவீதத்தையும் மிகவும் பிந்திய ஒரு சதவீதத்தையும் விட்டுவிட்டுப் பார்த்தால் கிடைத்த கணக்கு இது:

பிடிமானம் இல்லாமல் உட்காருவது: 3.8 முதல் 9.2 மாதம்
எதையாவது பிடித்துக்கொண்டு நிற்பது: 4.8 முதல் 11.4 மாதம்
கையும் முட்டியும் ஊன்றித் தவழ்வது: 5.2 முதல் 13.5 மாதம்
பிடித்துக்கொண்டு நடப்பது: 5.9 முதல் 13.7 மாதம்
தனியாக நிற்பது: 6.9 முதல் 16.9 மாதம்
தனியாக நடப்பது: 8.2 முதல் 17.6 மாதம்

கடைசி வரியைப் பாருங்கள். நடப்பதில் மட்டும் ஒன்பது மாதத்துக்கு மேல் வித்தியாசம். இவர்கள் எல்லோருமே ஆரோக்கியமான குழந்தைகள். ஒன்பதாம் மாதம் நடந்தவளும் பதினாறாம் மாதம் நடந்தவனும் இதே கணக்குக்குள் வருகிறார்கள்.

ஆனால் இதைக் கெடு தேதியாக எடுத்துக்கொண்டு கடைசி நாள் வரை காத்திருக்க வேண்டாம். நடக்காத பதினாறு மாதக் குழந்தை சுவரைப் பிடித்து எழுந்து நின்று, பக்கவாட்டில் அடி வைத்துப் போகிறது என்றால் நடைக்கு வந்துகொண்டிருக்கிறது. அதே வயதில் நிற்கவே முயலவில்லை, கால் துவண்டு இருக்கிறது அல்லது விறைத்து இருக்கிறது என்றால் அது வேறு. மாதக் கணக்கு ஒன்றாக இருந்தாலும் இரண்டும் ஒன்றல்ல.

எட்டு மாதம் முடிந்தது, இன்னும் தவழவில்லை. நாத்தனார் குழந்தை ஆறு மாதத்திலேயே தவழ்ந்தது.

மேலே சொன்ன ஆய்வில் 4.3 சதவீதக் குழந்தைகள் கையும் முட்டியும் ஊன்றித் தவழவே இல்லை. தவழாமலே நின்று நடந்துவிட்டார்கள். சில குழந்தைகள் வயிற்றால் இழுத்துக்கொண்டு போகும், சில உட்கார்ந்தபடியே புட்டத்தைத் தேய்த்துத் தேய்த்து நகரும். அப்படி உட்கார்ந்து நகரும் குழந்தைகள் கொஞ்சம் தாமதமாக நடப்பது வழக்கம். சில குடும்பங்களில் அது பரம்பரையாகவும் வரும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022இல் தன் வளர்ச்சிப் பட்டியலைத் திருத்தியபோது தவழ்தலையே எடுத்துவிட்டது. நிபுணர்கள் சிலர் அதை ஏற்கவில்லை. அவர்கள் சொல்வதும் சரிதான், தவழ்வது நல்ல பயிற்சி. ஆனால் தவழாதது மட்டுமே ஒரு நோயின் அடையாளம் ஆகாது.

பகலில் குழந்தை விழித்திருக்கும்போது, ஆள் பக்கத்தில் இருக்க, பாய் விரித்துக் குப்புறப் போட்டு விளையாட விடுங்கள். எந்நேரமும் இடுப்பிலும் தூளியிலும் இருக்கும் குழந்தைக்குத் தரையில் பழக வாய்ப்பே குறைவு. தூங்க வைப்பது மட்டும் எப்போதும் மல்லாக்க.

ஒரு பக்கக் கையையோ காலையோ மட்டும் இழுத்துக்கொண்டே தவழ்ந்தால் மாதக் கணக்குப் பார்க்காமல் காட்டுங்கள்.

அவர்கள் பிள்ளை கொழுகொழு என்று இருக்கிறது. என் பிள்ளை ஒல்லி. என் பால் போதவில்லையா?

இந்தக் கேள்வியில்தான் அம்மாக்கள் அதிகம் அழுகிறார்கள். யாரோ போகிறபோக்கில் "என்ன பிள்ளை இளைச்சிருக்கு?" என்று சொல்லிவிடுவார்கள். அன்று ராத்திரியே டின் பால் வீட்டுக்கு வந்துவிடும். புட்டிப்பால் கூடக்கூட குழந்தை மார்பில் குடிப்பது குறையும். குடிப்பது குறைந்தால் பால் சுரப்பதும் குறையும். கடைசியில் "பார்த்தியா, பால் பத்தலை" என்பார்கள். போதுமான பால் இருந்த அம்மாவுக்கு உண்மையிலேயே பால் குறைந்துபோகும்.

எடையைக் கண்ணால் அளக்க முடியாது, தராசில் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஒரு வயது ஆண் குழந்தையின் நடு எடை 9.6 கிலோ, பெண் குழந்தைக்கு 8.9 கிலோ. ஆனால் 7.7 கிலோவிலிருந்து 12 கிலோ வரை உள்ள ஆண் குழந்தையும், 7 கிலோவிலிருந்து 11.5 கிலோ வரை உள்ள பெண் குழந்தையும் இயல்பான எல்லைக்குள்தான் வருகிறார்கள். பக்கத்து வீட்டுப் பையன் 11 கிலோ, உங்கள் பெண் 8 கிலோ என்றால் பார்வைக்குப் பெரிய வித்தியாசம். வளர்ச்சி அட்டையில் பார்த்தால் இருவருமே நலம்.

ஒரு நாள் எடையைவிடக் கோடு முக்கியம். அரசு தரும் தாய் சேய் நல அட்டையில் வளர்ச்சி வரைபடம் இருக்கிறது. மாதாமாதம் புள்ளி வைத்து இணைத்தால் குழந்தைக்கென்று ஒரு கோடு உருவாகும். கீழ்ப்பகுதியில் ஓடினாலும் கோடு தொடர்ந்து ஏறினால் குழந்தை தன் உடல்வாகுக்கு ஏற்ப வளர்கிறது. அப்பா அம்மா இருவருமே சின்ன உடம்பு என்றால் பிள்ளை மட்டும் எப்படிக் குண்டாக இருக்கும்? கோடு தட்டையானாலோ கீழே இறங்கினாலோ, அது முதலில் மேல்பகுதியில் இருந்த கோடாக இருந்தாலும், மருத்துவரைப் பாருங்கள்.

இன்னொன்று. பிறந்த முதல் சில நாளில் எடை கொஞ்சம் குறைந்து, இரண்டு வாரத்துக்குள் திரும்ப வரும். சுமார் ஐந்து மாதத்தில் பிறந்த எடை இரட்டிப்பாகும், ஒரு வயதில் மூன்று மடங்காகும். அதாவது முதல் ஆறு மாத வேகம் அடுத்த ஆறு மாதத்தில் இருக்காது. ஏழாம் எட்டாம் மாதத்தில் "ஏறுவதே நின்றுவிட்டது" என்று பதறுபவர்கள் பெரும்பாலும் இந்த இயல்பான வேகக் குறைவைத்தான் பார்க்கிறார்கள்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு எப்படிக் கணக்குப் பார்ப்பது?

பிறந்த தேதியிலிருந்து அல்ல, பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து. 32 வாரத்தில் பிறந்த குழந்தை எட்டு வாரம் முந்தி வந்திருக்கிறது. இன்று அதற்கு எட்டு மாதம் என்றால், ஆறு மாதக் குழந்தை செய்வதைச் செய்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். இரண்டு வயது வரை இப்படிக் கழித்துப் பாருங்கள். தடுப்பூசிக்கு மட்டும் இந்தக் கழித்தல் கிடையாது, அது பிறந்த தேதிப்படிதான்.

குறைமாதக் குழந்தைகளுக்குக் கண்ணின் விழித்திரைப் பரிசோதனையும் காது பரிசோதனையும் மருத்துவமனையில் சொன்ன தேதியிலேயே முடித்துவிடுங்கள். வீட்டுக்கு வந்த சந்தோஷத்தில் இவை தவறிப்போகின்றன.

ஒன்றே முக்கால் வயது, இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. "அவங்க அப்பாவும் மூணு வயசுலதான் பேசினான்" என்கிறார் மாமியார்.

மாமியார் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். தாமதமாகப் பேசிப் பிறகு சரளமாகப் பேசும் குழந்தைகள் உண்டு. ஆனால் உங்கள் குழந்தை அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததா என்பதை அப்பாவின் கதையை வைத்துச் சொல்ல முடியாது. பேச்சு விஷயத்தில் காத்திருக்கச் சொல்லும் யாருடைய ஆறுதலையும் ஏற்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

முதல் கேள்வி காது. காது கேளாத குழந்தையும் முதல் சில மாதங்கள் ஆ, ஊ என்று குரல் எழுப்பும், சிரிக்கும். அதனால் வீட்டில் சந்தேகமே வராது. கதவைச் சாத்தினால் திரும்புகிறதே என்பார்கள். அது அதிர்வை உணர்ந்து திரும்பியிருக்கலாம். ஒரு மாதத்துக்குள் காது பரிசோதனை, குறை இருந்தால் மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்வது, ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் தொடங்குவது என்பதுதான் உலகம் முழுக்கச் சொல்லப்படும் இலக்கு. பிறந்தபோது பரிசோதிக்கவில்லை என்றால் இப்போதாவது செய்யுங்கள். கேட்கும் கருவி போதாத குழந்தைகளுக்கு உட்செவியில் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் உண்டு. சீக்கிரம் பொருத்தினால்தான் பேச்சு நன்றாக வரும்.

அடுத்து, பேச்சுக்கு முந்தைய பேச்சைப் பாருங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா? விரலால் நிலாவையோ நாயையோ காட்டிவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கிறதா? டாட்டா காட்டுகிறதா? "பந்தை எடுத்துட்டு வா" என்றால் புரிகிறதா? இவையெல்லாம் இருந்து வார்த்தை மட்டும் வரவில்லை என்றால் கவலை குறைவு, ஆனாலும் காட்டத்தான் வேண்டும். இவையே இல்லை என்றால் வார்த்தைக்காகக் காத்திருக்காமல் உடனே காட்ட வேண்டும்.

வீட்டில் தமிழும் தெலுங்கும், அல்லது தமிழும் ஆங்கிலமும் பேசுவதால் பேச்சு நிற்காது. இரண்டு மொழியிலும் உள்ள வார்த்தைகளைச் சேர்த்து எண்ணுங்கள். செல்போன் வேறு விஷயம். உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதலில் ஒரு வயது வரை திரையே கூடாது, ஒரு வயது முடிந்து இரண்டு வயது ஆகாத குழந்தைக்கும் உட்கார வைத்துத் திரை காட்டுவதைப் பரிந்துரைக்கவில்லை. ஓடும் வீடியோ குழந்தை சொன்னதற்குப் பதில் சொல்லாது. நீங்கள் சொல்வீர்கள். பேச்சு அந்தப் பதிலில்தான் பிறக்கிறது.

பாட்டி ஒரு மாதக் கணக்கு சொல்கிறார், டாக்டர் வேறு கணக்கு சொல்கிறார்.

நம் முன்னோர் குழந்தையைக் கூர்ந்து பார்த்தவர்கள். பிள்ளைத்தமிழின் பருவங்களைப் பாருங்கள். மூன்றாம் மாதம் காப்பு, ஐந்தில் செங்கீரை, ஏழில் தால், ஒன்பதில் சப்பாணி, பதினொன்றில் முத்தம், பதின்மூன்றில் வருகை. செங்கீரை என்பது கையூன்றித் தலையை நிமிர்த்தி ஆடுவது, சப்பாணி கை கொட்டுவது, வருகை தளர்நடை போட்டு வருவது. உலக சுகாதார நிறுவன ஆய்வில் தனியாக நடந்த சராசரி வயது ஏறக்குறைய 12 மாதம். புலவர்கள் கணக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது! ஆனால் இத்தகைய சிற்றிலக்கியங்களுக்கு இலக்கணம் சொல்லும் பாட்டியல் நூல்களுக்குள்ளேயே மாதங்களில் வேறுபாடு உண்டு. அவர்களும் ஒரே மாதத்தை எல்லாப் பிள்ளைக்கும் விதிக்கவில்லை.

வளர்க்கும் முறையும் மாதத்தை மாற்றும். கென்யாவின் கிப்சிகிஸ் மக்கள் குழந்தையை உட்காரவும் நடக்கவும் வேண்டுமென்றே பழக்குவார்கள். தரையில் சிறு குழி தோண்டித் துணி சுற்றி உட்கார வைப்பதும் உண்டு. அந்தக் குழந்தைகள் உட்காருவதிலும் நடப்பதிலும் அமெரிக்கக் குழந்தைகளை முந்தினார்கள், பழக்காத விஷயங்களில் முந்தவில்லை. தஜிகிஸ்தானில் கஹ்வோரா என்ற தொட்டிலில் குழந்தையைக் கட்டிப் பல மணி நேரம் படுக்க வைப்பார்கள். அங்கே உட்காருவதும் நடப்பதும் தாமதமாகவே வருகின்றன. ஆனால் நாலைந்து வயதில் அந்தப் பிள்ளைகள் எல்லோரையும் போல ஓடி விளையாடுகிறார்கள்.

சீக்கிரம் நடந்தால் புத்திசாலியாக வருமா?

இல்லை. சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் ஆரோக்கியமான குழந்தைகளைப் பள்ளி வயது தாண்டியும் தொடர்ந்து கவனித்து, 2013இல் வெளியிட்ட ஆய்வில், நடக்கத் தொடங்கிய வயதுக்கும் பிற்கால அறிவுத்திறனுக்கும் தொடர்பு தெரியவில்லை.

நடை சீக்கிரம் வர வாக்கர் வாங்கலாமா?

வேண்டாம். சக்கரம் வைத்த வாக்கர் நடையைக் கற்றுத் தராது, சில குழந்தைகளுக்குத் தாமதமாக்கவும் செய்யும். படியில் உருண்டு தலையில் அடிபடுவதும், அடுப்பை எட்டிப் பிடிப்பதும் இதனால் நடக்கின்றன. கனடா 2004இல் இதைத் தடையே செய்துவிட்டது. யாராவது பரிசாகக் கொடுத்தாலும் எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள்.

எதற்கெல்லாம் காத்திருக்கவே கூடாது?

மூன்று மாதம் முடிந்தும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை, கண் உங்களைத் தொடரவில்லை. நான்கு மாதம் முடிந்தும் தலை நிற்கவில்லை, கை எப்போதும் மூடியே இருக்கிறது. ஒன்பது மாதம் தாண்டியும் உட்காரவில்லை. ஒரு வயதில் மழலை ஒலியோ சைகையோ இல்லை, பெயருக்குத் திரும்பவில்லை. 16 மாதத்தில் ஒரு வார்த்தை இல்லை, 18 மாதத்தில் நடை இல்லை. இரண்டு வயதில் "அம்மா வா", "பால் வேணும்" போல இரண்டு வார்த்தை சேர்க்கவில்லை.

வயது பார்க்காமல் காட்ட வேண்டியவையும் உண்டு. உடம்பு துணி போலத் துவள்வது அல்லது விறைப்பது. ஒரு வயதுக்கு முன்பே ஒரே கையை மட்டும் பயன்படுத்துவது. "இடது கைப் பழக்கம் போல" என்று விட்டுவிடாதீர்கள், மற்றக் கையில் பலம் குறைவாக இருக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, முன்பு செய்ததை இப்போது செய்யாதது. பேசிய வார்த்தை போய்விட்டது, பார்த்த கண் பார்ப்பதில்லை என்றால் அந்த வாரமே போங்கள்.

தூங்கி எழும்போது தலை சட்டென்று குனிந்து, கைகால் வெட்டி மடங்கி, அதுபோல அடுத்தடுத்துப் பல தடவை வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வயிற்று வலி, திடுக்கிடல் என்று வீட்டில் நினைப்பார்கள். அது ஒருவகை வலிப்பாக இருக்கலாம். சிகிச்சை தள்ளிப்போனால் மூளை வளர்ச்சி பாதிக்கும்.

விசேஷத்துக்குப் போனாலே "இன்னும் நடக்கலையா?" என்கிறார்கள். என்ன சொல்வது?

"டாக்டர் பார்த்துட்டார், நல்லா இருக்கான்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுங்கள். இதைக் கணவர் சொன்னால் இன்னும் நல்லது. கேள்விகள் எல்லாம் அம்மாவை நோக்கியே வருகின்றன, பதிலையாவது அப்பா எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் அந்தக் கேள்விகள் மனதை விட்டுப் போகவே இல்லை, குழந்தை தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை, இரண்டு வாரத்துக்கும் மேலாக அழுகையும் வெறுமையும் இருக்கிறது என்றால், அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். குணமாகக் கூடியதுதான். மருத்துவரிடம் சொல்லுங்கள். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணிலும் தமிழில் பேசலாம்.

சந்தேகம் இருக்கிறது. எங்கே போவது, என்ன கொண்டுபோவது?

முதலில் உங்கள் குழந்தை மருத்துவர். கிராமத்தில் இருந்தால் கிராம சுகாதார செவிலியரிடமோ அங்கன்வாடியிலோ சொல்லலாம். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் 18 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இலவசப் பரிசோதனை உண்டு; தேவைப்பட்டால் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். காது, கண், பேச்சு, இயன்முறைப் பயிற்சி எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தருவதற்காக அமைத்த மையம் அது. சென்னைக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுள்ளோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. நோயின் பெயர் உறுதியாகும் வரை பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. இரண்டும் சேர்ந்தே நடக்கலாம்.

தாய் சேய் நல அட்டை, பிரசவ மருத்துவமனையில் தந்த டிஸ்சார்ஜ் சீட்டு, செல்போனில் எடுத்த வீடியோக்கள் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். புது இடத்தில் குழந்தை அழும், செய்வதைச் செய்யாது. வீட்டில் எடுத்த ஒரு நிமிட வீடியோ நிறையச் சொல்லும். "இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம்" என்று மருத்துவர் சொன்னால், எந்தத் தேதியில் திரும்ப வர வேண்டும், அதற்குள் குழந்தை எதைச் செய்ய வேண்டும் என்று கேட்டு அந்த அட்டையிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.